உடையாத மூலை

தான் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையின் தலையில் இன்னொருவர் ஏறி உட்கார்ந்துகொண்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அதுவும் ஏறி உட்கார்ந்தவர் எப்போதோ செத்துப்போன ஒரு பெரிய மனிதர், நெஞ்சுக்குக் கீழே ஆளே இல்லாமல் மீசையும் கோட்டுமாக விறைத்துக்கொண்டிருக்கிறவர் என்றால்? அன்று காலை ஆஸ்பத்திரியின் உள்முற்றத்துக்குள் நுழைந்த டப்பா, தோளில் தொங்கிய பையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். பையில் ஒரு பழைய துணியும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருந்தன. அவ்வப்போது வந்து தன் கல்லைத் துடைத்துவிட்டுப் போவது அவள் வழக்கம். இன்றைக்குத் துடைப்பதென்றால் பெரிய மனிதரின் மீசையையும் சேர்த்துத்தான் துடைக்க வேண்டும்.

கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஏணி. ஏணியில் அவளுடைய அண்ணன். தங்கையைப் பார்த்ததும் அவன் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"அடடா, வந்துட்டியா! ஞாயித்துக்கிழமை விழாவுல திடீர்னு காட்டி உன்னை அசத்தலாம்னு இருந்தேன். கெடுத்துட்டியே!"

"என்னண்ணா இது?"

"தெரியல? இந்த ஆஸ்பத்திரியைக் கட்டினவர். போன மாசம் முழுக்க இவர் மீசையோடதான் மல்லுக்கட்டினேன். உயரம் சரியா இருக்கான்னு பார்க்கச் சும்மா தூக்கி வெச்சிருக்கேன். நாளைக்குக் கல்லுல துளை போட்டு போல்ட்டை முடுக்கிட்டா அசையாது. எப்படி? உன் பீடம், என் சிலை. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேர் வேலையும் ஒரே இடத்துல. அப்பா இருந்து பார்த்திருக்கணும்."

பீடம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவளுக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. ஆனால் வாயைத் திறப்பதற்குள் அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று கண்ணில் பட்டது. கல்லின் மேல்மூலை. அங்கே இருக்கக்கூடாத மூலை ஒன்று கூர்மையாக, கறுப்பாக, பளிச்சென்று முளைத்திருந்தது.

"பார்த்துட்டியா? அதையும் சரி பண்ணிட்டேன்" என்றான் அண்ணன் ஏணியில் இருந்து இறங்கிக்கொண்டே. "உடைஞ்ச இடமே தெரியாது. விரலை வெச்சுத் தடவிப் பாரேன்."

இந்த இடத்தில் டப்பா என்ன சொன்னாள் என்பதற்கு முன்னால், அவள் யார், அந்தக் கல் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மூலைக்கா இந்த ஆட்டம் என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டவர்களால்தான் அவள் பாதி வாழ்க்கை வீணாய்ப் போயிற்று.

டப்பா என்பது வீட்டில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். அப்பா மார்பளவுச் சிலைகள் செய்தவர். பள்ளிக்கூடம், நூலகம், சங்கக் கட்டிடம் என்று எங்கே திறப்பு விழா நடந்தாலும், துணியை விலக்கினால் உள்ளே அப்பா செய்த முகம் இருக்கும். பட்டறைக்கு ஒரு புதுக் கல் வந்து இறங்கினால் அண்ணன் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, மூக்கு எப்போது வரும் என்று காத்திருப்பான். இவளோ, ஐயோ மூக்கு வந்துவிடப் போகிறதே என்று பதறுவாள். அறுத்து இறக்கிய கல் நான்கு பக்கமும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிறதே, அந்த அழகு போதாதா இவர்களுக்கு என்று தோன்றும். வளர்ந்த பிறகும் அந்த எண்ணம் போகவில்லை. சிற்பிகள் எல்லாம் ஆளையும் குதிரையையும் செய்துகொண்டிருக்க, இவள் மட்டும் சதுரத்தையும் செவ்வகத்தையும் கட்டிக்கொண்டு அழுதாள். கட்டிக்கொண்டு அழுதாள் என்பது அண்ணியின் வார்த்தை.

கலைக் கல்லூரியில் இறுதித் தேர்வுக்கு மரத்தில் ஒரே அளவாக அறுத்த கட்டைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். தேர்வு நடத்த வந்தவர் அவற்றைத் தாண்டிப் போய், "உன் சிற்பம் இன்னும் பெட்டியில இருந்து வெளிய வரலையாம்மா?" என்று கேட்டார். முதல் கண்காட்சியில், இரும்புத் தகட்டை மடித்துச் செய்த பெட்டி வடிவங்களை வரிசையாகத் தரையில் வைத்திருந்தாள். திறந்துவைக்க வந்த பிரமுகர் அதில் ஒன்றின் மேல் காபிக் கோப்பையை வைத்துவிட்டு, கையை உதறிக்கொண்டு, "சரி, சிற்பங்களைப் பார்க்கலாமா?" என்றார். ஒரு அருங்காட்சியகம் மெனக்கெட்டு அவள் வேலை ஒன்றை வாங்கியது. மகிழ்ச்சியோடு ஒரு நாள் போய்ப் பார்த்தால், அதன் மேல் தீயணைக்கும் சிலிண்டரை வைத்திருந்தார்கள். "உறுதியா இருக்குங்க" என்றார் காவலாளி, பாராட்டாகத்தான்.

இப்படிப்பட்ட பாராட்டுகளை வாங்கிக்கொண்டே டப்பாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்துச் சாப்பிட்டாள். டயர்க் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து வேலை செய்தாள். டயர்க் கடைக்காரர் தினமும் எட்டிப் பார்த்து, "என்னக்கா, இன்னிக்கும் சதுரம்தானா?" என்பார். அவர் மேல் அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை. அவர் ஒருவர்தான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்.

சதுரம் என்றால் சும்மா இல்லை என்று புரியவைக்க ஒரு காலத்தில் மிகவும் பாடுபட்டாள். மூக்கு கொஞ்சம் கோணிப்போனால், அந்த ஆளுக்கு மூக்கே அப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஒரு தளம் கோணிப்போனால் தப்பிக்க வழி கிடையாது. இரும்பு அளவுகோலை மேலே வைத்து, அதற்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தே அவளுக்கு முதுகு போயிற்று. விருந்தாளிகளுக்கு இதையெல்லாம் விளக்குவாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணன்கிட்ட கத்துக்கிட்டா சீக்கிரமே உருவம் வந்துடும்" என்று ஆறுதல் சொல்லிப் போவார்கள்.

இனி அந்தக் கல். அப்பா கடைசியாகக் கிடந்தது இதே ஆஸ்பத்திரியில்தான். உள்ளே ஒருவருக்கு மேல் விடமாட்டார்கள் என்பதால் அண்ணனும் தங்கையும் மாறி மாறி இந்த முற்றத்தில் காத்திருந்தார்கள். முற்றத்தைச் சுற்றிச் சுவரெல்லாம் முகங்கள். கட்டிடம் கொடுத்தவர், கட்டில் கொடுத்தவர், திறந்து வைத்தவர், திறந்து வைத்தவருக்குப் பக்கத்தில் நின்றவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவர் சட்டத்துக்குள் இருந்து பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அந்த முகங்களைப் பார்த்து, யார் காது ஏற்றம், யார் தாடை இறக்கம் என்று நேரத்தைப் போக்கினான். அவளால் முடியவில்லை. உள்ளே அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது தன் கண்ணைக் கொண்டுபோய் வைக்க, எதையும் பேசாத, எதற்கும் பெருமைப்படாத ஒரு இடம் அவளுக்கு வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை.

சில வருஷம் கழித்து முற்றத்தில் ஒரு கலைப்பொருள் வைக்கலாம் என்று அப்போதைய தலைமை மருத்துவருக்குத் தோன்றியபோது, டப்பா தானே போய்க் கேட்டு அந்த வேலையை வாங்கினாள். செய்தது ஒரு கறுப்புக் கல். இடுப்பு உயரத்துக்குக் கனசதுரம். பீடம் கீடம் எதுவும் இல்லாமல் நேராகத் தரையில். எல்லாப் பக்கத்தையும் மெருகு ஏற்றாமல் மங்கலாக விட்டுவிட்டாள். ஒரே ஒரு மேல்மூலையை மட்டும் சாய்வாக அறுத்து எடுத்து, அறுத்த இடத்தில் தெரிந்த முக்கோணத்தைக் கண்ணாடியாக மெருகேற்றினாள். தூரத்தில் நின்றால் அதில் ஒரு துண்டு வானம் தெரியும். கிட்டே வந்து குனிந்தால் குனிந்தவரின் முகம் தெரியும். சட்டம் போடாத முகம் அந்த முற்றத்தில் அது ஒன்றுதான்.

காத்திருக்கிறவர்கள் கல்லின் மேல் பிளாஸ்க்கை வைத்தார்கள், மாத்திரைப் பையை வைத்தார்கள், முழங்கையை ஊன்றித் தலையைத் தாங்கிக்கொண்டார்கள். அதைப் பார்த்து டப்பாவுக்குக் கோபம் வரவில்லை. அந்த முக்கோணத்தை மனிதர்கள் யோசனையில் தேய்த்துக்கொண்டே நிற்பதை ஒரு மாலை முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் அழுதாள். சந்தோஷத்தில்தான். அவள் செய்ததிலேயே யாரும் வந்து தொடக்கூடிய பொது இடத்தில் இருப்பது அது ஒன்று. அதற்கு விமர்சனமும் வரவில்லை, விருதும் வரவில்லை. எது போனாலும் அது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மூலையைத்தான் அண்ணன் சரி பண்ணிவிட்டான்.

"உடைஞ்ச இடமா?" என்றாள் டப்பா.

"வெச்ச அன்னிக்கே பார்த்தேன். வண்டியில வரும்போது மூலை போயிருக்கும், வேற கல்லு வாங்க உன்கிட்ட வசதி இருந்திருக்காது, நீ அப்படியே பாலிஷ் போட்டுச் சமாளிச்சிட்டேன்னு புரிஞ்சுது. கேட்டா நீ சங்கடப்படுவேன்னு இத்தனை வருஷம் வாயே திறக்கலை. இப்பதான் வாய்ப்பு வந்துச்சு. கல்தூளையும் பசையையும் குழைச்சு, கலர் ஒத்துவர வரைக்கும் மாத்தி மாத்திக் கலந்தேன்."

அவள் அந்த முளைத்த மூலையைத் தொட்டாள். சும்மா சொல்லக்கூடாது, அண்ணன் கைகாரன். இணைப்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை. பிறகு ஒரு சந்தேகம் எழுந்தது.

"வழவழப்பா இருந்த இடத்துல பசை எப்படிண்ணா பிடிச்சுது?"

"அப்படியே பூசினா நிக்குமா? உளியால நல்லா கொத்திவிட்டுட்டுதான் பூசினேன். பிடிமானம் வேணும் இல்ல."

கொத்திவிட்டானாம். விரல் நுனி மரத்துப்போகிற வரைக்கும் அவள் தேய்த்துத் தேய்த்து எழுப்பிய தளத்தை, அம்மிக் கல்லைக் கொத்துகிற மாதிரி கொத்திவிட்டானாம்! அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறான். ஒரு எதிரி இதைச் செய்திருந்தால் போலீசுக்குப் போகலாம். பாசத்தோடு வந்து செய்கிறவனை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது?

"இறக்கு" என்றாள்.

"எதை?"

"இந்த ஆளை. என் கல்லு மேல இருந்து இறக்கு."

"விளையாடாத டப்பா. ஞாயித்துக்கிழமை விழா. நான் மட்டும் முடிவு பண்ற விஷயமா இது?"

யார் முடிவு பண்ணுகிற விஷயம் என்று கேட்டுக்கொண்டு அவள் நேராக நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனாள். கல்லைத் தேர்ந்தெடுத்த மருத்துவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டிருந்தார். இந்த அதிகாரி புதியவர். ரொம்ப மரியாதையானவர். கோபத்தோடு வந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தே பாதிக் கோபத்தைக் கறந்துவிடுகிற ரகம். டப்பா தண்ணீரைத் தொடவில்லை.

"அது பீடம் இல்ல சார். அதுதான் சிற்பம்."

"புரியுது மேடம், புரியுது. ரொம்ப நல்ல கல்லு. ஆனா எவ்வளவு நாள்தான் காலியாவே வெச்சிருக்கிறது? வர்றவங்க எல்லாம், சிலை எப்ப வரும்னு கேக்குறாங்க. இப்ப ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு ஒரு மதிப்பு வந்துடுது பாருங்க."

"ஒண்ணுமே இல்லாத இடமா? நான் செஞ்சது ஒண்ணுமே இல்லையா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலையே. உங்க பேரையும் கல்வெட்டுல போடறோம். சிலை உங்க அண்ணன், பீடம் நீங்க. தங்கச்சிக்குப் பரிபூரண சம்மதம்னு உங்க அண்ணன்தான் சொன்னார்."

டப்பா எழுந்து நின்றாள். அந்த அறைக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். இந்த ஆஸ்பத்திரியில் சாகப்போகிறவன்கூட ஏதாவது ஒரு பணக்காரனின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டேதான் சாக வேண்டுமா என்று கேட்டாள். அதிகாரி கையைக் கூப்பினார். கதவைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

அங்கிருந்து அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. அண்ணன் இன்னும் வந்து சேரவில்லை. அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மடிப்பதை நிறுத்தாமலே பேசினாள்.

"ஆசை ஆசையா செஞ்சார்ம்மா. ராத்திரி சாப்பாட்டுத் தட்டுல கை வெச்சுக்கிட்டே, கலர் ஒத்து வருமான்னு புலம்பினார். எந்த அண்ணன் தங்கச்சி கல்லுக்கு இப்படி மெனக்கெடுவான்?"

"யாரு மெனக்கெடச் சொன்னா அண்ணி?"

"நீ சொல்லணுமா? உன் மானத்தைக் காப்பாத்த அவர் என்னெல்லாம் பொய் சொல்லியிருக்கார் தெரியுமா? எங்க அக்கா வீட்டுக்காரர் ஒரு தடவை, 'என்ன, உங்க தங்கச்சி கல்லு மூளியா நிக்குதே'ன்னு கேட்டார். இவர் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள, 'அது டிசைன்'னு அடிச்சுவிட்டார். எனக்கே சிரிப்பு வந்துடுச்சு."

டப்பா அண்ணியையே பார்த்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவளுடைய வேலையைப் பற்றி அண்ணன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அதையும் பொய் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே தட்டில் பிடுங்கித் தின்று, இத்தனை காலமும் இவர்களுக்கு அவள் ஒரு மூளிக் கல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிற பாவப்பட்டவள். கோபித்துக்கொள்கிறவர்களிடம் சண்டை போடலாம். பரிதாபப்படுகிறவர்களிடம் என்ன போடுவது?

பேசிப் பயனில்லை என்று அவளுக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. எழுந்து முன்பக்கம் பட்டறைக்குப் போனாள்.

பட்டறை வாசலில் அப்பா இருந்தார். அண்ணன் கல்லில் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான், அதை டப்பாவும் மறுத்ததில்லை. அப்பா சின்ன வயதில் சாரத்தில் இருந்து விழுந்து மூக்கு ஒடிந்து, அது இடப்பக்கமாகச் சற்றுக் கோணியே நின்றுபோயிற்று. புகைப்படக்காரர்கள் எல்லாம் அதை மறைக்கத்தான் பார்த்தார்கள். அண்ணன் மறைக்கவில்லை. அந்தக் கோணலை ஒரு மயிரிழை கூட்டாமல் குறைக்காமல் பிடித்திருந்தான். அதனால்தான் அந்தச் சிலையைப் பார்த்தால், இதோ இப்போது நம்மைத் திட்டப்போகிறார் என்று தோன்றும். கேட்டவர்களுக்கும் அவன் அதை விற்கவில்லை.

டப்பா உளியை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைத்தாள். தொட்டியில் இருந்து ஈரக் களிமண்ணை ஒரு பிடி எடுத்தாள். அப்பா மூக்கின் வலப்பக்கம் அப்பி, இடப்பக்கம் இழைத்து, கட்டைவிரலால் நீவி நீவி நேராக்கினாள். அப்பாவிடம் படித்த கைதானே, உருவம் வராமல் எங்கே போகும்? மூக்கு நேரானதும் அப்பா காணாமல் போய்விட்டார். யாரோ ஒரு காப்பீட்டு நிறுவனத்து விளம்பரக்காரர் அங்கே நின்றார்.

அண்ணன் வந்தபோது அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவன் ஏணியைச் சுவரில் சாய்த்தான், திரும்பினான், பார்த்தான்.

"யார்... யார் செஞ்சது இது?"

"நான்தான். அப்பா மூக்கு கோணிப்போயிருந்துச்சு. பாவம், உனக்குச் சரியா வரலைபோல. கேட்டா நீ சங்கடப்படுவேன்னு இத்தனை வருஷம் வாயே திறக்கலை. இன்னிக்குதான் வாய்ப்பு வந்துச்சு, சரி பண்ணிட்டேன்."

"யாரைக் கேட்டுத் தொட்ட?" அண்ணன் அலறினான். அண்ணி பின்னால் இருந்து ஓடிவந்தாள். "அறிவிருக்கா உனக்கு? அப்பா மூக்கு அப்படித்தான் இருந்துச்சு!"

"என் கல்லும் அப்படித்தான் இருந்துச்சு."

அண்ணன் சிலைக்குப் பக்கத்தில் போய்க் களிமண்ணைக் கட்டைவிரலால் வழித்தான். ஈர மண் என்பதால் சுலபமாக வந்துவிட்டது. கோணல் மூக்கு திரும்பியது, அதோடு அப்பாவும் திரும்பினார். அவன் வேட்டித் தலைப்பால் அந்த மூக்கைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"நான் பூசினது வந்துடுச்சு" என்றாள் டப்பா. "நீ பூசினது வராது. கொத்திவிட்டிருக்க."

"நீ... வேணும்னேவா அறுத்த?"

"வேணும்னேதான்."

"நல்ல மூலையையா?"

டப்பா எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் துளை போடும் இயந்திரம் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. பெரிய மனிதர் கல்லில் இருந்து இறங்கி, நுழைவுக் கூடத்தில், அண்ணன் அவசர அவசரமாகச் செங்கல்லில் கட்டிப் பூசிக்கொடுத்த ஒரு பீடத்தின் மேல் ஏறிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை விழா அங்கேயே நடந்தது. கைதட்டல், படம் பிடித்தல், எல்லாம் குறைவில்லாமல் நடந்ததாம். டப்பா போகவில்லை. அடுத்த வாரம் கல்லைச் செப்பனிட அனுமதி கேட்கப் போனபோதுதான், தன் கல் எப்படித் தப்பித்தது என்பது அவளுக்குத் தெரிந்தது.

"நல்லவேளை மேடம், உங்க அண்ணன் சரியான நேரத்துல வந்து சொன்னார்" என்றார் அதிகாரி. "ஏற்கனவே உடைஞ்ச கல்லு சார், உள்ள விரிசல் இருக்கு, துளை போட்டா ரெண்டாப் பிளந்துடும், சிலையைத் தாங்காதுன்னு சொல்லிட்டார். எங்களுக்கு என்ன தெரியும்? விழா அன்னிக்கு ஏதாவது ஆகியிருந்தா எங்க மானம்ல போயிருக்கும்."

தாங்காதாம்! அந்தப் பெரிய மனிதரின் குடும்பத்தையே வரிசையாக ஏற்றி நிற்கவைத்தாலும் முனகாத கல் அது. கல் வாங்கப் போனபோது அதன் ஆறு பக்கத்தையும் தட்டித் தட்டி, மணி மாதிரி சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டுத்தான் வாங்கினாள். அதில் விரிசலாம். கல்லைக் காப்பாற்ற வேறு ஒரு வார்த்தையா கிடைக்கவில்லை? ஆயிரம் பொய் இருக்கும்போது, எந்தப் பழியில் இருந்து அவள் அதை மீட்கப் பார்த்தாளோ, அந்தப் பழியையே தூக்கிக் கல்லின் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறான். அதிகாரியிடம் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொன்னால் சிலை மறுபடி வந்து ஏறிக்கொள்ளுமோ என்று பயந்து விழுங்கினாள். அந்த விழுங்கல் அவளை எரித்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

வேலை தொடங்கியது. நோயாளிகளுக்குச் சத்தம் ஆகாது என்பதால் ஒரே ஒரு விடுமுறை நாளில் மட்டும் இயந்திரத்தை ஓட்ட விட்டார்கள். அண்ணன் பூசியதையும், அதற்குக் கீழே அவன் கொத்திய குழிகளையும் தாண்டி அறுத்தாள். குழி ஆழமாக இறங்கியிருந்ததால் கல்லும் உள்ளே போக வேண்டியிருந்தது. முக்கோணம் முன்னைவிடப் பெரிதாயிற்று. பழைய அளவு இனி ஒருநாளும் வராது. அந்த அளவுக்காக எத்தனை அட்டைக் கனசதுரங்களை வெட்டி வெட்டிப் பார்த்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மீதி எல்லாம் கையால் செய்ய வேண்டிய வேலை. கரடுமுரடான மெருகுக் கல்லில் ஆரம்பித்து, அதைவிட நைசு, அதைவிட நைசு என்று தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். பள்ளி விட்டதும் வந்து, இருட்டும் வரை தேய்த்தாள்.

ஒரு நாள் அண்ணன் வந்தான். தோட்டத்துக் குழாயில் ரப்பர் ட்யூபை மாட்டி, அதன் நுனியை அவள் தேய்க்கிற இடத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அடுத்த நாளும் வந்தான். மன்னிப்பு என்ற சொல் அந்தக் குடும்பத்தில் யார் வாயிலும் வந்து பழக்கம் இல்லை. தண்ணீர் மட்டும் சரியான இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

அப்போது முற்றத்தில் காத்திருந்த ஒருவர், மருந்துப் பையைக் கல்லின் மேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"உடைஞ்சு போச்சுங்களா? ஒட்ட முடியாதா?"

டப்பா பல்லைக் கடித்தாள். அவள் தலை நிமிர்வதற்குள் அண்ணன் பேசினான்.

"உடைஞ்சது இல்லீங்க. அறுத்தது. என் தங்கச்சி வேணும்னேதான் அப்படி அறுத்திருக்கா."

"எதுக்குங்க?"

"அது எனக்குத் தெரியாதுங்க. சொல்லப்போனா எனக்குப் பிடிக்கவும் இல்ல. ஆனா உடைஞ்சது இல்ல."

அவர் தலையாட்டிவிட்டு முக்கோணத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தார். ஈரத்தில் அது ஏற்கனவே லேசாக மின்னத் தொடங்கியிருந்தது. டப்பா மெருகுக் கல்லைக் கீழே வைத்தாள்.

"இப்ப என்ன சொன்ன?"

"பிடிக்கலைன்னேன்" என்றான் அண்ணன் முறைப்பாக. "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னுதான் சொல்லுவேன். அதுக்குமா சண்டை?"

"அது இல்ல. அதுக்கு முன்னாடி சொன்னது."

"உடைஞ்சது இல்லன்னேன்."

"அதை அந்த ஆபீசர்கிட்ட போய்ச் சொல்லு."

அண்ணன் கையில் இருந்த ட்யூப் தாழ்ந்து, தண்ணீர் அவன் காலிலேயே ஊற்றியது. "இப்பவா? சிலையெல்லாம் வெச்சு முடிச்சாச்சே. இனிமே எதுக்கு? நான் பொய் சொன்னேன்னு ஆயிடுமே, டப்பா."

"பொய்தானே சொன்ன? விரிசல் இல்ல, உடையலை, துளை போட்டாலும் தாங்கும், ஆனா போடக்கூடாதுன்னு சொல்லு. இது பீடம் இல்லன்னு சொல்லு. உனக்குப் பிடிக்கலைன்னுகூடச் சேர்த்துச் சொல்லிக்கோ, எனக்கு ஒண்ணும் இல்ல. போ."

அண்ணன் கல்லைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், நுழைவுக் கூடத்துப் பக்கம் பார்த்தான். பிறகு போய்க் குழாயை மூடினான். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அதிகாரி அறைக்குப் போகிற படிகளில் ஏறினான். அவன் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் டப்பா மெருகுக் கல்லைத் தொடவே இல்லை.